வெள்ளிக்கிழமை எவன் ஆபீஸ் திறப்பான்?

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை என்றால் தோல் பதனிடும் டேனரிகளுக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை. பிறந்ததிலிருந்து வாரத்தை அப்படியே எண்ணிப் பழகிய வஜீதாவுக்கு, வெளிநாடு என்றால் அவள் அப்பா இருபது வருஷம் உழைத்த ரியாத்தான். அங்கேயும் வெள்ளிதான் லீவு. அதனால் பாங்காக்கிலிருந்து கணவன் சமீருல்லா புதன்கிழமை போன் செய்து, தங்கும் கெடுவை நீட்ட இமிகிரேஷன் ஆபீசுக்கு என்றைக்குப் போகலாம் என்று கேட்டபோது, உலகத்தையே அளந்து வைத்தவள் மாதிரி தீர்ப்புச் சொன்னாள்.

"நாளைக்கு உமருக்குக் கட்டு மாத்தணும். வெள்ளிக்கிழமை எவன் ஆபீஸ் திறப்பான்? ஞாயித்துக்கிழமை காலையில மொத ஆளா போய் நில்லுங்க."

சமீருல்லாவும் அவன் தம்பி உமர் ஃபாரூக்கும் ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போனார்கள். விசா வேண்டாம், முப்பது நாள் தங்கலாம். வாடகை பைக்கிலிருந்து விழுந்து உமர் தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். உள்ளே கம்பி வைத்த டாக்டர், இன்னும் மூன்று வாரம் விமானம் ஏறக் கூடாது என்றுவிட்டார். உமருக்கு ஆஸ்பத்திரிக்காரர்களே தங்கும் கெடுவை நீட்டி வாங்கிவிட்டார்கள். துணைக்கு இருக்கும் சமீருல்லா மட்டும் நேரில் போய் வாங்க வேண்டும். அவனுடைய கெடு ஞாயிற்றுக்கிழமையோடு சரி. அதற்குமேல் ஒரு நாள் தங்கினாலும் பாஸ்போர்ட்டில் கறை. அவனை இத்தாலிக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்ன ஷூ கம்பெனி கையை விரித்துவிடும்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸிலிருந்து ரோஷினி கூப்பிட்டாள்.

"அக்கா, ரிட்டர்ன் டிக்கெட்ட எந்தத் தேதிக்கு மாத்துறது? ஸ்டாம்ப் போட்டாச்சா?"

"ஞாயித்துக்கிழமை போறாரும்மா."

"ஞாயித்துக்கிழமையா! அய்யோ, அங்க சனி, ஞாயிறு மூடிடுவாங்கக்கா. இன்னிக்கி மூணரைக்குள்ள போனாத்தான் உண்டு. அங்க இப்பவே மணி ஒண்ணு!"

வஜீதா உடனே கணவனை அழைத்தாள். சமீருல்லாவின் போன் அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போது அணைப்பான், திரும்பப் போட மறப்பான். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த உமரைக் கூப்பிட்டாள். அவனுக்கு அண்ணன் பாய்ஜான், அண்ணி பாபி.

"பாய்ஜான் மசூதியில இருக்காரு, பாபி. பாஸ்போர்ட்டு, டாக்டர் லெட்டரு எல்லாம் என் தலகாணி அடியில இருக்குது."

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"மசூதி ரெண்டு தெருதான். நானே போறேன். வீல்சேர் கேட்டா குடுப்பாங்க."

"உன்னால எப்படிடா..."

அவன் வைத்துவிட்டான். திரும்ப அழைத்து, பேசாமல் படுடா என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய நம்பர் மேல் விரலைக்கூட வைத்தாள். இத்தாலி நினைவுக்கு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு தொழுகைக்கு முசல்லாவை விரித்தாள்.

ஒன்றே முக்காலுக்கு, அங்கே மணி மூன்றேகால், சமீருல்லா கூப்பிட்டான்.

"உமர் வந்து என்னை இழுத்துட்டு வந்துட்டான். டோக்கன் கெடச்சிடுச்சு. ஆனா இந்த ஆபீசரம்மா ஒத்துக்க மாட்டேங்குது, வஜீ. பேஷண்ட் அசையக் கூடாதுன்னு லெட்டர்ல இருக்குது, இங்க வரைக்கும் வந்து உக்காந்திருக்கானே, பிளேன்ல உக்கார மாட்டானான்னு கேக்குது."

உமரை வெளியிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லத் தவறியது தன் புத்திதான் என்று வஜீதா தலையில் அடித்துக்கொண்டாள். "கட் பண்ணாதீங்க, கேளுங்க, கெஞ்சுங்க" என்றாள். போனுக்குள் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ ஒரு பெண் வீறிட்டாள். புரியாத பாஷையில் பலர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிறகு, டப் டப் என்று இரண்டு சத்தம்.

"ஸ்டாம்ப் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று சிரித்தேவிட்டாள்.

"வஜீ, உமரு கட்டு பூரா ரத்தம். அதைப் பார்த்துட்டுத்தான் போட்டுக் குடுத்தாங்க. தையல் பிரிஞ்சி கம்பியும் அசைஞ்சிடுச்சு போல. ஆம்புலன்ஸ் வருது."

சிரித்த வாயை அவளால் மூட முடியவில்லை. உமரிடம் கொடுக்கச் சொன்னாள். மூச்சு வாங்குவது கேட்டது.

"ஏன்டா போன? யாருடா உன்னைப் போகச் சொன்னது?" என்று அழுதுகொண்டே திட்டினாள்.

"நீங்க வேணாம்னு சொல்லலியே, பாபி" என்றான் உமர்.