அடிவயிற்றுச் சிக்கு

பூனைகளுக்கு முடி திருத்தும் எங்கள் கடையில் ஃபரீதா அக்கா கூடையைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாடைதான் முதலில் வந்தது. பிறகுதான் பூனை.

பெயர் கொமெல். பாதிப் பெர்சியன், நடுத்தர நீள முடி. அக்காவின் மகள் ஷஹீரா வளர்த்தது. கோலாலம்பூருக்குப் படிக்கப் போகும்போது அம்மாவிடம் விட்டுவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை சீவச் சொல்லியிருக்கிறாள். நாளைக்கு விடுமுறையில் வருகிறாள்.

"கொஞ்சம் சிக்கு விழுந்திருச்சு தம்பி. எண்ணெ வச்சா இளகும்ல? எம் மவ தலைக்கு அப்படித்தான் எடுப்பேன். நல்லா தேச்சு ஊற வச்சுக் குளிப்பாட்டினேன். இப்ப இன்னும் இறுகிப் போச்சுலா."

"மனுசன் தலைக்குச் சரிக்கா. சிக்கோட நனைச்சா பூனை முடி சுருங்கிக் கெட்டியாயிடும். முதல்ல சீவணும், அப்புறம்தான் தண்ணி."

மேசையில் நிறுத்திச் சீப்பை வைத்தேன். முதுகில் தடையில்லாமல் ஓடியது. சாய்த்துப் படுக்கவைத்து அக்குளில் விரலை நுழைத்தேன். நுழையவில்லை. அக்குளிலிருந்து தொடைவரை அடிவயிறு ஒரே கம்பளி, தோலோடு ஒட்டிக் கிடந்தது. முன்காலை நான் இலேசாக இழுத்ததும் கத்தியது.

"முதுகை மட்டும் சீவினீங்களா?"

"மடியில உக்காந்தா முதுகுதானே தெரியுது. வயித்துல கை வச்சா கடிக்குதுலா."

"வயித்த முழுசா வழிக்கணும்."

"பொத்தாக்கா, மொட்டையாவா? ஐயோ வேணாம்! அவ போன் பண்றப்பல்லாம் சீவிட்டேன் சீவிட்டேன்னு மூணு மாசமா சொல்லியிருக்கேன். கத்திரிக்கோல்ல அங்கங்க நறுக்கி விடேன்."

"தோலும் சேந்து வந்துரும்."

"அப்ப, கடையில நீதான் கேக்காம வழிச்சிட்டேன்னு சொல்லிக்கவா?"

"சொல்லிக்குங்க."

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலையை விட்ட பிறகும் இரண்டு மாதம் வேலைக்குப் போவதுபோல் சீருடை போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பியவன் நான். அடுத்தவர் பொய்யைத் திருத்தும் யோக்கியதை எனக்கில்லை.

அக்கா தலையைப் பிடித்துக்கொள்ள, தோலை இழுத்துப் பிடித்து முடி வழிக்கும் மெஷினை மெதுவாக ஓட்டினேன். மெஷின் இரண்டு தடவை சூடேறியது, ஆறவிட்டு ஓட்டினேன். சிக்கு துண்டு துண்டாக வரவில்லை. இரண்டு கையகலத்துக்கு ஒரே தகடாக உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது. அக்குளில் ஓரிடம் புண்.

"இது வலிச்சிருக்குமா தம்பி?"

"நடக்கும்போதெல்லாம்."

அக்கா பிடித்திருந்த கையாலேயே அதன் தலையைத் தடவினார்.

மற்ற முடியில் சோளமாவு தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டேன். நுனியில் தொடங்கி வேர்வரை சீவி எடுத்தேன். அதன் பிறகு குளியல், உலர்த்த மெஷின் காற்று. புண்ணுக்கு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். கீழே விட்டதும் கொமெல் முன்கால் இரண்டையும் முன்னால் போட்டு, முதுகை வளைத்து, நீளமாகச் சோம்பல் முறித்தது. பிறகு உட்கார்ந்து வழித்த வயிற்றை நக்கத் தொடங்கியது.

"இப்படி நீட்டிப் பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றார் அக்கா.

மேசையைத் துடைத்து, சிக்குத் தகட்டைக் குப்பைத்தொட்டிக்கு எடுத்துப் போனேன்.

"தம்பி, அதைப் போடாத. ஒரு பையில கட்டிக் குடு."

"எதுக்குக்கா?"

"வயித்த மட்டும் பாத்தா உன்னைத் திட்டுவா. இதையும் பாக்கட்டும். யாரைத் திட்டணும்னு அவளுக்கே தெரியும்."

கட்டிக் கொடுத்தேன். கூடைக்குள் பக்கத்தில் வைத்தபோது கொமெல் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.