மோசம் என்று மட்டும் சொன்னார்

1

இந்தக் கதை ஒரு சொல்லிலிருந்து வந்தது. எந்த மனிதரிடமிருந்தும் அல்ல. 'மோசம் செய்தான்' என்றால் துரோகம். 'உயிருக்கு மோசம்' என்றால் ஆபத்து. இரண்டு வீட்டிலும் கைநனைக்கிற சொல்லை எப்படி நம்புவது? அந்தச் சந்தேகத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

1971. தியாகராய நகரில் மழை பெய்து ஓய்ந்த ஒரு...

(வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே நம்பமாட்டேன்.)

2

தங்கபுஷ்பம் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது ரிக்‌ஷாக்காரன் தணிகாசலம் வாசலில் வந்து நின்றான்.

"யம்மா, ஒங்கண்ணன் ராஜரத்தினம் மோசமாம். ஒடனே வரச் சொன்னாங்கோ."

"எங்க வரணும்? யாரு சொன்னா?"

"மாம்பலம் டேசன்ல ஒருத்தரு. அத்த கேக்கறதுக்குள்ள ரயிலேறிப் பூட்டாரு."

அண்ணன் உயிருக்கு ஆபத்து என்று அவள் பானையை அப்படியே விட்டு எழுந்தாள். சாப்பிடக் காத்திருந்த கணவர் சிதம்பரநாதனின் காதில் அது வேறாக விழுந்தது. மைத்துனரும் அவரும் கூட்டாக நடத்தும் ஜவுளிக்கடையில், ஒரு மாதமாகப் பட்டு அறைச் சாவி ராஜரத்தினத்தின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

"கேட்டியாட்டி? நான் நெனச்சது சரியாப் போச்சு!" சட்டையை மாட்டிக்கொண்டே கடைக்கு ஓடினார்.

(தணிகாசலம் பொய் சொல்கிறானோ என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்தேன். பாவம், அடித்துவிட்டேன்.)

3

தங்கபுஷ்பம் அதே ரிக்‌ஷாவில் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தாள். ரயிலேறும்போது அண்ணன் வழுக்கி விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு கிடந்தார்.

"உயிருக்கு ஒண்ணுமில்லட்டி, அழாத. மாப்பிள்ள எங்க?"

"கடைக்குப் போயிருக்காவ."

ராஜரத்தினத்தின் முகம் வெளுத்தது. "கடைக்கா? எதுக்கு?"

(வலி என்று எழுதினேன். அடித்தேன். பயம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். தன்னைப் பார்க்க வராமல் கடையைப் பார்க்கப் போனாரே என்று அவர்...)

4

சாயங்காலம் சிதம்பரநாதன் வீடு திரும்பினார். அண்ணன் வழுக்கி விழுந்ததையும், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதையும் தங்கபுஷ்பம் சொன்னாள்.

"பூட்ட ஒடச்சுப் பாத்துட்டேன். பட்டெல்லாம் அப்படியே இருக்கு."

"அப்ப நிம்மதிதான?"

"எல்லாம் சரியா இருக்கே, அதான் சந்தேகமா இருக்கு. நான் கடைக்குப் போயிருக்கேன்னு கேட்டதும் ஒங்கண்ணன் மொகம் எப்படி இருந்துச்சு?"

'வெளுத்துச்சு' என்றால் அண்ணன் இனி அந்தக் கடைப்படி ஏற முடியாது. 'ஒண்ணுமில்ல' என்றால், நாளைக்கு ஏதாவது வெளிப்பட்டால், அவளும் உடந்தை.

இரண்டு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன், தரமாட்டேன். அந்த முகத்தை அவளோடு நீங்களும்தான் பார்த்தீர்கள். சிதம்பரநாதன் இன்னும் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறார். பதில் சொல்லுங்கள்.