அடக்கிக்கிட்டு நில்லு

விடியுமுன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மண்ணெண்ணெய் விளக்கு புகைந்தது. கடல்கடந்த கிள்ளான் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. பால்வெட்டுப் பெண்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். பேர் கூப்பிட்டு முடிகிறவரை நகரக்கூடாது. நகர்ந்தால் அன்றைக்கு வேலை இல்லை. முடிந்ததும் மரங்களுக்கு ஓட்டம், வெயில் ஏறினால் பால் நின்றுபோகும். இதில் பொம்பளை ஒதுங்க நேரம் ஏது?

பவுனம்மாளின் பக்கத்தில் வள்ளியம்மா நெளிந்தாள். பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள். மூன்று நாள் துடித்துப் பெற்றதிலிருந்து அவளுக்கு நீர் சரியாகப் பிரிவதில்லை.

“கங்காணி, ஒதுங்கிட்டு ஓடியாந்துடுறேன்.”

தம்புசாமிக் கங்காணி தலையைத் தூக்கவில்லை. “அடக்கிக்கிட்டு நில்லு. ஒன்னை விட்டா எல்லாரும் கெளம்புவாளுங்க.”

நின்றாள். பிறகு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடி, பதினாறு மரம் வெட்டினாள்.

“அக்கா, உள்ள என்னமோ பட்டுன்னு விட்டுப்போச்சு.”

விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. முட்டிக்கொண்டிருந்த வயிறு ஒரு கணம் லேசானதாம். அதற்கப்புறம்தான் அலறினாள்.

மருந்து கொடுக்கிற தோட்டத்து டிரெசர் விளக்கெண்ணெய் கொடுத்தான். எந்த வலிக்கும் அந்தப் பாவி கையில் அந்த ஒரு புட்டிதான்! மறுநாள் வயிறு உப்பி, சொட்டு நீர் இறங்காமல் அவள் பிதற்றினாள். பவுனம்மாள் தோட்டத்து லோரிக்குக் குறுக்கே படுத்த பிறகுதான் அது அவளை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

வயிற்றைத் திறந்து தைத்த டாக்டர் சொன்னார்: “மூத்திரப்பை தானாக் கிழிஞ்சிருக்கும்மா. இது ரொம்ப அபூர்வம். பிரசவத்துல நொந்த பை, அடக்கி அடக்கி வச்சா எவ்வளவு தாங்கும்? பொழைப்பாளான்னு இப்ப சொல்லமுடியாது.”

மறுநாள் பெரட்டுக்குத் தொரையே வந்து பவுனம்மாளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

“டாக்டர் சொல்லிட்டான். தானா கிழிஞ்சது. தோட்டம் மேலே குத்தம் இல்லே. பெரட்டுலே யாரும் அவளைத் தடுக்கலே. நீ சாட்சி, கைநாட்டு வை.”

“கங்காணி தடுத்ததை என் காதால கேட்டேன், தொரை.”

“வைக்காட்டி இன்னிக்கே லயத்தைக் காலி பண்ணு.”

லயத்து அறையை விட்டால் இந்த மண்ணில் பவுனம்மாளுக்குப் போக்கிடம் இல்லை. மைப்பெட்டியை நீட்டினான் கங்காணி. அவள் கட்டைவிரலை மடக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“தானா ஒண்ணும் கிழியலே, தொரை. நிக்க வச்சுக் கிழிச்சீங்க.”

வாளியைக் கீழே வைத்தாள். “கங்காணி, நான் ஒதுங்கிட்டு வரேன்.”

“வரிசையில நில்லுடி!”

அவள் நடந்தாள். பின்னால் இன்னொரு வாளி தரையில் உட்கார்ந்தது. வள்ளியம்மாவின் பச்சைப்பிள்ளைக்கும் சேர்த்துப் பால் கொடுக்கும் இராஜம்மா. “எனக்கும் அவசரம், கங்காணி.” அடுத்து மாரியாயி. பிறகு வாளிகள் மளமளவென்று இறங்கின. ஆண்கள் வரிசையிலும் யாரும் மரத்துக்குக் கிளம்பவில்லை.

“வெயில் ஏறுது! பால் நின்னுபோகும்!” தொரை கத்தினார்.

“அடக்கிக்கிட்டு நில்லுங்க, தொரை,” என்றாள் மாரியாயி, திரும்பிப் பார்க்காமல்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி வரவில்லை. அறுபது பெண்களும் புதருக்குப் போனார்கள், ஒருத்தியும் ஓடவில்லை.