பொம்மைத் தலையணை

நான் சேகரிக்கும் பச்சைக் கார்னெட் கல் எப்படி உருவாகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்று கேட்டவன் என் மனைவியின் தம்பி. பழைய கட்டடங்களின் கூரைகளைப் பிரித்து இறக்குவது அவன் வேலை.

"கடலடிப் பாறைக்குள்ள சூடான தண்ணி இறங்கும், மச்சான். பாறை வழுவழுன்னு பச்சையா மாறிடும். அதுல விழுற விரிசல்ல சுண்ணாம்பும் இரும்பும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமா இந்தப் படிகம் வளரும்."

"கல்லு வளருதோ இல்லையோ, உங்க பேச்சு வளருது அத்தான்," என்று சிரித்தபடி லென்ஸை வாங்கினான்.

சுண்டுவிரல் நகமளவு படிகம். அதற்குள் பொன்னிற இழைகள் ஒரு புள்ளியிலிருந்து குதிரைவால் போல விரிந்திருந்தன. சேகரிப்பவர்கள் இந்த வாலுக்காகவே அலைவார்கள்.

"அதே விரிசல்ல வளர்ற நார்தான். படிகம் வளரும்போது உள்ளே மாட்டிக்கிச்சு."

அவன் சிரிப்பு நின்றது. "வெளியேயும் இருக்குமா?"

"நிறைய. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிட்டிருக்கும். பல் தேய்க்கிற பிரஷ்ஷால தட்டி எடுத்துடுவேன்."

"மாஸ்க் போட்டுட்டா?"

"எதுக்கு?"

"அத்தான், நான் உடம்பு பூரா மூடிக்கிட்டு கூரையிலேருந்து இறக்குறது இதைத்தான். ஆஸ்பெஸ்டாஸ்."

அந்த நாரின் அறிவியல் பெயர் எனக்குத் தெரியும். எந்தப் பாறையில், எந்தச் சூட்டில் வளரும் என்பதும் தெரியும். கூரையில் இருப்பதும் என் மேசையில் இருப்பதும் ஒன்றே என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"தட்டின பஞ்சை எங்கே போட்டீங்க?"

பக்கத்து அறையைக் கைகாட்டினேன். அங்கே என் நான்கு வயது மகள் பொம்மையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். பொம்மையின் தலைக்கடியில் ஒரு குட்டித் தலையணை. போன வருடம் நான் அந்தப் பஞ்சை நிரப்பி, மனைவி தைத்தது. மகளும் அதில்தான் கன்னம் வைத்துத் தூங்குவாள்.

அந்த நேரம் பார்த்து மனைவி அதைத் தூசி தட்டக் கையில் எடுத்தாள்.

"அக்கா, தட்டாதே. அப்படியே கீழே வை."

ஈரத்துணியால் மூடி, இரண்டு பைகளுக்குள் போட்டு இறுக்கிக் கட்டினான்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள் மனைவி.

"ஆகணும்னு இல்லக்கா." அவன் தரையைப் பார்த்தான். "எங்க பழைய மேஸ்திரிக்கு முப்பது வருஷம் கழிச்சுத்தான் நுரையீரல்ல புத்துநோய்னு தெரிஞ்சுது."

மனைவி என் பக்கம் திரும்பினாள். எனக்குத் தலையணை நிரப்பிய அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது. "இன்னும் மெத்துன்னு வேணும்ப்பா," என்றாள் மகள். பஞ்சு போதவில்லை. அலமாரியிலிருந்து இன்னொரு கல்லை எடுத்து, அவளை மடியில் வைத்துக்கொண்டே தட்டினேன்.