குள்ளன் தப்பினானா?

செத்து, மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் விண்மீனுக்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். அது சூப்பர்நோவாவாக வெடித்தால் பெரும்பாலும் தூள்கூட மிஞ்சாது. எங்கோ ஒன்று மட்டும் பாதி எரிந்து, குற்றுயிரும் குலையுயிருமாகத் தப்பித் தலைதெறிக்க ஓடும். அப்படி ஓடுபவற்றைத் தேடுவதுதான் அவளுக்கும் அவள் கணவனுக்கும் வேலை.

அதற்கு ஒரு விதி உண்டு. விண்மீனின் ஒளியைப் பிரித்துப் போட்ட படத்தை இருவர் தனித்தனியே பார்த்து, தப்பியதா இல்லையா என்று கணினியில் குறிக்க வேண்டும். இருவரும் குறிக்கும்வரை ஒருவர் பதில் மற்றவர் கண்ணில் படாது. பதில்கள் மாறுபட்டால் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். பேசுவதாவது! அவன் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவள் குறுக்கே பாய்வாள். காபி ஆறிப்போகும், பக்கத்து அறைக் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

கடைசி விண்மீனுக்கு அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பதில் குறித்தான்.

"நான் முடிச்சிட்டேன். அவசரக்குடுக்கை, நீ நிதானமா பாரு," என்றான். மறுவாரம் போய்விட்டான்.

மாதங்கள் ஓடின. அவள் குறிக்கவே இல்லை. குறித்தால் அவன் பதில் திறந்துவிடும். அதோடு சரி, அவனிடமிருந்து புதிதாக ஒரு வார்த்தையும் வராது.

இன்று துறைத் தலைவி வந்து தயங்கி நின்றாள்.

"இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா?"

அவன் கடைசி வார்த்தையை எவனோ ஒருவன் முதலில் படிப்பதா?

"வேணாம் மேடம். நானே பாக்கறேன்."

படத்தைத் திறந்தாள். ஹைட்ரஜன் மருந்துக்கும் இல்லை. பாதி எரிந்ததற்கு அடையாளமான நியான் பளிச்சென்று தெரிந்தது. வேகத்தையோ கேட்கவே வேண்டாம். இது தப்பிய குள்ளன்தான். இந்த ஒரு தடவையாவது இருவரும் ஒத்துப்போவோம் என்று எண்ணிக்கொண்டே 'தப்பியது' என்று குறித்தாள்.

அவன் பதில் திறந்தது. 'இல்லை.'

காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது. காரணத்தை அவன் எப்போதும் நேரில்தான் சொல்வான்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாதியிலேயே அழுகையானது. திரையில் வழக்கமான வரி வந்து நின்றது: இருவரும் பேசி முடிவு செய்யவும்.

அவனுடைய நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"எப்படிங்க இல்லைங்கறீங்க? சொல்லுங்க," என்றாள். "இந்தத் தடவை நான் குறுக்கே பேச மாட்டேன்."