நைரோபி போகிறவர்களுக்குக் கிளமென்ற் சொன்னது

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கிளமென்ற் கெட்டதும் வாயால்தான், அதுவும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிப் பேசப்போய்.

மன்னாரிலிருந்து வந்த கிளமென்ற், சூரிச்சில் யூத முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவினான். யூதரின் கோஷர்க் குசினி லேசுப்பட்டதல்ல. இறைச்சிக்கு ஒரு தொட்டி, பாலுக்கு ஒரு தொட்டி. சட்டி, கரண்டி, துடைக்கிற துணி எல்லாமே இரண்டு இரண்டு. ஒன்றோடு ஒன்று முட்டவே கூடாது. அவனுக்கு முன் வந்தவர்கள் எல்லாவற்றையும் கலந்தடித்துவிட்டு ஒரு கிழமையில் ஓடிப்போனார்கள். கிளமென்ற் நாலு வருஷத்தில் ஒரு கரண்டியைக்கூட மாற்றி வைத்ததில்லை. இவனுக்கு இது எப்படிக் கைவந்தது என்று குசினி மேற்பார்வையாளர் ஹெர் லெவின்ஸ்கி அடிக்கடி கேட்பார். அவன் சிரித்து மழுப்புவான்.

மழுப்பாமல் என்ன செய்வது? படித்த இடம் நைரோபி. எண்பத்தொன்பதில், வெளிநாட்டுக்குக் களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனையும் இன்னும் எட்டுப் பேரையும் அங்கே ஒரு லொட்ஜ் அறையில் ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்தான். அதில் சாவகச்சேரிக் குலேந்திரன் சுத்த சைவம். மீன் பட்ட சட்டியில் சோறு வைத்தால் அன்றைக்குப் பட்டினிதான். அதனால் இரண்டு சட்டி, இரண்டு அகப்பை, ஒரேயொரு அடுப்பு.

பிறகு சுவிஸுக்கு வந்து அகதி விசாரணையில், ஏஜென்சிக்காரன் உருப்போட வைத்தபடியே, கொழும்பிலிருந்து நேரே மிலான் என்று சொல்லிவிட்டான். நைரோபி என்றொரு ஊரே அவன் வாழ்க்கையில் இல்லை. வாக்குமூலத்தில் ஒரு ஊர் பொய்யென்றால் மிச்சம் எல்லாமும் பொய்தான் என்பது சூரிச்சின் ஓர்லிகோன் பகுதித் தமிழரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இப்போது தொண்ணூற்று நாலு. பி பெர்மிற் என்கிற வதிவிட அனுமதிக்கு மனுப் போட்டு, நவம்பரில் நேரில் வரச்சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அது கிடைத்தால்தான் மனைவி செசீலியாவையும், இதுவரை படத்தில் மட்டுமே கண்ட மகள் அனோஜாவையும் கூப்பிடலாம்.

இந்த நிலையில் ஒரு மனுசன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டாமோ?

ஒக்ரோபரில் ஒருநாள் லெவின்ஸ்கி வரைபடமும் கையுமாகக் குசினிக்குள் வந்தார். மார்கழியில் இல்லத்து முதியவர்கள் இருபத்திரண்டு பேரைக் கென்யாவுக்கு யானை பார்க்கக் கூட்டிப்போகும் பொறுப்பு அவருடையது. இருவரும் பேசியது டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில். அதைத் தமிழில் போட்டால் இப்படி இருக்கும்.

"இருபத்திரண்டு பேர், கிளமென்ற். எல்லாரும் கோஷர்ச் சாப்பாடு. பதினாறு நாள் பேரீச்சம்பழமும் ரின்மீனும் திண்டால் யானைக்கு முன்னால நாங்கள்தான் விழுந்து கிடப்பம். அறைக்குள்ள அடுப்பு மூட்ட விடுற ஹோட்டல் ஒண்டு நைரோபியில இருக்கோ? எல்லாருக்கும் எழுதிக் கேட்டன். ஒருத்தரும் விடுறாங்கள் இல்லை."

"றிவர் ரோட்டில விடுவாங்கள்," என்றான் கிளமென்ற், கையில் இருந்த கோப்பையில் கண்ணாக. "அடுப்பும் கீழ்க்கடையிலயே வாங்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவனுக்கே கேட்டது. ஐயோ!

"நீர் அங்கை இருந்தனீரோ?"

"ஓம்... கொஞ்ச நாள். ஐஞ்சு மாசம்."

இதை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் கிழவர் கடதாசி எடுக்க ஓடிவிட்டார். பிறகு கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால், நாலு வருஷமாக நம்பிக்கையான கை என்று பெயர் எடுத்தவன் பொய்யன் ஆகிவிடுவான். அந்த வெட்கம் அவனைத் தின்றது. பேசாமல் இருந்துவிட்டான், விசரன்.

அடுத்த இரண்டு கிழமையும் உருளைக்கிழங்கு உரிக்கும் நேரமெல்லாம் நைரோபிப் பாடம்தான். கிளமென்றுக்குத் தெரிந்த நைரோபி ஒரே ஒரு நைரோபி. அதைத்தான் அவன் சொன்னான்.

"கீழ்மாடி எடுக்கக்கூடாது. தட்டத் தொடங்கினால் முதல்ல அங்கைதான் தட்டுவாங்கள்."

"ஆர் தட்டுறது?"

"அ... அறை கூட்டுறவை. நாங்கள் இருந்தது இரண்டாம் மாடி, பதினாலாம் நம்பர். அது நல்லது."

"சபாத் நாளில லிப்ற் பட்டன் அமத்த ஏலாது. பரவாயில்லை, இரண்டு மாடி ஏறலாம்," என்று லெவின்ஸ்கி எழுதிக்கொண்டார். யூதரின் ஓய்வுநாளான சபாத், வெள்ளி பொழுதுபட முன் மெழுகுதிரி கொளுத்தித் தொடங்கும்; அன்றைக்கு ஒரு பட்டனும் தொடமாட்டார்கள்.

"றோட்டில கூட்டமாய்ப் போகக்கூடாது. இரண்டு இரண்டு பேராய், பத்து மீற்றர் விட்டு விட்டு. பொக்கற்றில ஒண்டும் இருக்கக்கூடாது. பிடிச்சாலும் ஆர் எண்டு தெரியாது."

"சபாத்தில நாங்கள் பொக்கற்றில ஒண்டும் கொண்டுபோறதே இல்லை!" கிழவருக்குப் பரவசம். "பொழுது எத்தனை மணிக்குப் படும்? மெழுகுதிரி கொளுத்துற நேரம் பார்க்கவேணும்."

"எந்த மாசமும் ஆறரைக்குக் கிட்டத்தான். மாறாது." ஐந்து மாதமும் யன்னல் சீலைக்குப் பின்னால் வெளிச்சம் போகிற நேரத்தைப் பார்த்துப் பார்த்துக் கிடந்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? சூரிச்சில் கிழமைக்குக் கிழமை சபாத் நேரம் ஓடித் திரிவதால் களைத்துப்போன லெவின்ஸ்கி, "கடவுள் எங்களுக்கெண்டே படைச்ச ஊர்," என்றார்.

"யன்னலடியில மட்டும் நிக்கக்கூடாது. சீலையை விலத்தவே கூடாது."

"ஏன், நுளம்பு கடிக்குமோ?"

கிளமென்ற் கத்தியைக் கீழே வைத்தான். குலேந்திரன் ஒரு பின்னேரம், வெளியில் என்னதான் இருக்கிறது என்று ஒருக்கால் பார்ப்போம் என்று சீலையை விலத்தியவர். கீழே நின்ற பொலிஸ்காரன் நிமிர்ந்து பார்த்தான். மற்றவர்கள் கூரைவழியே ஓடித் தப்பினார்கள். குலேந்திரனுக்கு முழங்காலில் வருத்தம். அவரைத் திருப்பி அனுப்பினார்களா, என்ன ஆனார் என்று இன்றுவரைக்கும் ஒரு செய்தியும் இல்லை. பிறகு அந்தச் சைவச் சட்டியில் ஒருவரும் சமைக்கவில்லை.

"ஓம், நுளம்பு," என்றான்.

நவம்பர் வந்தது. பெர்மிற் கந்தோருக்கு வேலையிடத்திலிருந்து சாட்சிக்கு ஒருவர் வரலாம் என்றிருந்தது. லெவின்ஸ்கி கோட்டும் தொப்பியுமாகத் தானே வந்தார். அதிகாரி அம்மா கோப்பைத் திறந்தார். இவன் நல்ல வேலைக்காரன்தானோ என்று ஒரு கேள்விதான் கேட்டார். அவ்வளவுதான், லெவின்ஸ்கி பையிலிருந்து மஞ்சள் கடதாசி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். கிளமென்ற் அதை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டான்.

'கென்யா செல்லும் யூதப் பயணிகளுக்கு நடைமுறை ஆலோசனைகள்.' பன்னிரண்டு இலக்கங்கள். அடியில் தடித்த எழுத்தில்: 'ஐந்து மாதம் நைரோபியில் வாழ்ந்த எங்கள் கிளமென்றுக்கு நன்றி.'

"பாருங்கோ," என்றார் கிழவர், பெற்ற பிள்ளையின் றிப்போட்டைக் காட்டுவதுபோல. "வேறை ஆர் எங்களுக்கு இப்பிடி உதவி செய்தது? இவரையோ நீங்கள் திருப்பி அனுப்பப்போறீங்கள்?"

அதிகாரி அம்மா கடதாசியை வாசித்தார். பிறகு கோப்பை வாசித்தார். மறுபடியும் கடதாசியை வாசித்தார்.

"இஞ்சை கொழும்பு, பிறகு மிலான் எண்டு இருக்குது. நைரோபி எங்கை?"

கிளமென்ற் அவசரமாக யோசித்தான். நான் ஒருநாளும் நைரோபிக்குப் போனதில்லை, எல்லாம் சும்மா அளந்தது என்று சொன்னால் தப்பலாம். ஆனால் பக்கத்தில் இருக்கும் மனுசன் அந்த அளப்பை நம்பித்தான் இருபத்திரண்டு பேருக்கு அதே லொட்ஜில் அறை போட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் செசீலியா மன்னாரிலேயே இருக்க வேண்டியதுதான். மாதாவே, என்ன செய்வேன் என்று அவன் வாயைத் திறந்தபோது லெவின்ஸ்கியின் கை அவன் முழங்காலில் பட்டது. கிழவருக்கு விளங்கிவிட்டது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"அது நான் எழுதினது," என்றார். "இவர் நைரோபியைக் கண்ணாலயும் கண்டதில்லை. என்ரை சொல்லை எங்கடை கிழடுகள் கேக்காதுகள். அதுதான் அங்கை இருந்த ஆள் சொன்னதெண்டு போட்டன்."

"அப்ப, கீழ்மாடி வேண்டாம், பொக்கற்றில ஒண்டும் வேண்டாம், கூட்டமாய்ப் போகவேண்டாம், யன்னலடியில நிக்கவேண்டாம்... இதெல்லாம் ஆர் சொன்னது?"

"இதைப் படிக்க நைரோபிக்குப் போகவேணுமோ, அம்மா?" என்றார் லெவின்ஸ்கி. "நான் பிரசெல்சில படிச்சனான். நாப்பத்திரண்டாம் ஆண்டு."

அதிகாரி அம்மா மஞ்சள் கடதாசியை மடித்தார். "சுற்றுலாத் துண்டுகள் இந்தக் கோப்பில சேர்க்கிறதில்லை," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ட்ராம் தரிப்பிடத்தில் கிளமென்றுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்காகப் பொய் சொல்லிப்போட்டீங்கள்."

"எனக்குப் புதுசில்லை. நாப்பத்திமூண்டில நாசியளுக்குத் தப்பி வந்து சுவிஸ் எல்லையில நிண்டு பதினைஞ்சு வயசு எண்டனான். பதினாறுக்குக் கீழ எண்டால்தான் தனிய வந்த பெடியனை உள்ள விடுவாங்கள். எனக்கு அப்ப பதினேழு. போன வருஷம் அறுபத்தைஞ்சு எண்டு நீங்கள் எல்லாரும் கேக் வெட்டினீங்களே, அது அறுபத்தேழு. பென்ஷன் ரெண்டு வருஷம் பிந்தித்தான் வந்தது. அரசாங்கமும் நானும் சரிக்குச் சரி." கிழவர் மூக்கைத் துடைத்தார். "நீர் முதலே சொல்லியிருக்கலாம், மடையா."

மார்கழியில் அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் கிளமென்றுக்குக் கடிதம் வந்தது. பி பெர்மிற். சரிதானா என்று உறுதிப்படுத்த அதைக் குசினி வெளிச்சத்தில் ஏழு தரம் வாசித்தான்.

அந்த வெள்ளி நாலு மணிக்கு, நைரோபியில் ஆறு மணி, குசினி ரெலிபோன் அடித்தது.

"கிளமென்ற்! எல்லாரும் சுகம். ரெண்டு ரெண்டு பேராய்த்தான் நடக்கிறம். மனேச்சரிட்டை ரெண்டு சட்டியையும் காட்டினன். உடனே, 'நீங்களும் சிலோனோ?' எண்டு கேட்டான். இல்லையெண்டால் நம்புறான் இல்லை. ஏஜென்சி எப்ப வரும், கனடாவோ லண்டனோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறான். எங்கடை ஃப்ராவ் ப்ளூம் கனடா எண்டு சொல்லிப்போட்டா!"

கிளமென்ற் சிரித்தான். பெர்மிற் வந்த கதையைச் சொன்னான். அந்தப் பக்கத்தில் கிழவர் ஏதோ தங்கள் மொழியில் சத்தமாக வாழ்த்தினார். பின்னால் பல குரல்கள் சேர்ந்து வாழ்த்தின.

"இப்ப பதினாலாம் நம்பரில நிக்கிறன். ரெலிபோனை வயரோடை நடையிலயிருந்து இழுத்துக்கொண்டு வந்தனான். மெழுகுதிரிக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது. கிளமென்ற், நான் சீலையை விலத்தப்போறன்."

வேண்டாம் என்று கத்த வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். ஐந்து வருஷம் தள்ளி, ஒரு சீலை வளையம் கிறீச்சிடுவது கேட்டது.

"என்ன தெரியுது?" என்றான் மெல்ல. ஐந்து மாதம் இருந்தும் அவனுக்குத் தெரியாதது அதுதான்.

"எதிர்ப்பக்கம் ஒரு தையல்கடை. வாசலில மஞ்சள் சட்டை ஒண்டு தொங்குது. ஒரு பொம்பிளை வாழைப்பழம் விக்கிறா. பக்கத்தில ஒரு பொலிஸ்காரன் வாங்கித் தின்னுறான்."

"நிமிர்ந்து பாக்கிறானோ?"

"பாக்கிறான்."

கிளமென்ற் ரெலிபோனைக் காதோடு அழுத்தினான்.

"நான் கை காட்டினனான்," என்றது கிழவரின் குரல். "அவனும் காட்டுறான், கிளமென்ற். வாழைப்பழத்தோடை காட்டுறான்."

கிளமென்ற் சுவரோடு சாய்ந்து, கையில் கிடந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தான். குலேந்திரண்ணை, குலேந்திரண்ணை என்று அவன் வாய் சொல்லிக்கொண்டேயிருந்தது. பிறகு அந்தத் துணியைப் பாலுக்கான தொட்டியில் போட்டான். அது இறைச்சித் துணி.