கயிற்றின் கடைசி வளையம்

கொரின் இலவசமாக எதைக் கொண்டுவந்தாலும் லோர்னா அதைத் திருப்பி அடியைப் பார்த்தாள். கட்டிலானால் கட்டிலின் அடி. பெட்டியானால் பெட்டியின் அடி. அங்கே எதுவும் இருந்ததில்லை. அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

லோர்னா தன் வீட்டின் முன்னறையில் குழந்தைக் காப்பகம் நடத்தினாள். ஏழு பேர். ஒன்று கைக்குழந்தை, மற்றவை ப்ரீகேஜி வயது. மொன்டானாவின் வடக்கில், ரயில் பாதையை ஒட்டிய அந்த ஊரில் வேறு காப்பகம் கிடையாது. கோதுமைக் கிடங்கும் பள்ளிக்கூடமும் அவளும்தான். லைசன்ஸ் சமையலறைக் கதவருகே சட்டத்துக்குள் தொங்கியது. கணவன் இறந்த பிறகு வீட்டை நடத்தியது அந்தத் தாள்.

லைசன்ஸ் தருவதும் பறிப்பதும் அரசு அலுவலகம். கொரின் வந்தது காப்பகங்களுக்குப் பொருளும் பயிற்சியும் தரும் உதவி மையத்திலிருந்து. இரண்டும் வேறு என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

"நான் இன்ஸ்பெக்டர் இல்ல லோர்னா. உதவிக்குத்தான் வரேன்."

"ஆமா, சொன்னீங்க."

"நீங்க நம்பல."

"காபி ஆறுது."

கொரின் குடித்தாள். குடித்துக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே சின்னச் சின்னப் பனிக்காலணிகள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் ஒரு பெரிய ஜோடி.

"அது யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

"அவர் தவறிட்டார்னு..."

"அவர்தான் போனார். பூட்ஸ் இருக்கு."

"ஈரமா இருக்கே."

"குப்பை போடப் போனேன். கைக்குக் கெடைச்சத மாட்டிக்கிட்டுப் போனேன். அதுக்கும் விதி இருக்கா?"

"இல்ல இல்ல," என்று கொரின் சிரித்தாள். அவள் சிரித்தது லோர்னாவுக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலை லோர்னா பக்கத்து ஊர் டெஸ்ஸிடம் தொலைபேசியில் பேசினாள். டெஸ்ஸும் காப்பகம் நடத்துகிறவள்.

"காப்பகம் வெச்சிருந்தாளே ஜூன், அவளுக்கும் இப்படித்தான்டி ஆரம்பிச்சாங்க. மொதல்ல புத்தகம். அப்புறம் கட்டில். அப்புறம் லைசன்ஸ் போச்சு."

"ஜூன் கைக்குழந்தைய கார் சீட்லயே தூங்க வெச்சா. மூச்சு அடைச்சுடும்னு அதுக்குத் தடை. அதனாலதான் போச்சு."

"சரி, வெச்சா. அதப் பார்த்தது யாரு? வீட்டுக்குள்ள வந்து காபி குடிச்சது யாரு?"

லோர்னா தொலைபேசியை வைத்தாள். ஈரமான பூட்ஸை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

பூட்ஸ் அவள் மகன் வேடுடையது. நவம்பரில் டக்கோட்டா எண்ணெய் வயலிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்தான். நிலவறையில் படுத்துக்கொண்டான். இரவில் கோதுமைக் கிடங்கில் வேலை, பகலில் தூக்கம். இருபத்தாறு வயது.

காப்பகம் நடக்கும் வீட்டில் பெரியவர்கள் யார் இருந்தாலும் கைரேகை கொடுக்க வேண்டும். அலுவலகம் பழைய வழக்குகளைத் தேடிப் பார்க்கும். பார்த்து முடிக்கும்வரை அவர்கள் அங்கே இருக்கக் கூடாது.

"ஷெரீஃப் ஆபீஸ்ல பத்து நிமிஷம்தான்டா. இப்பல்லாம் மை கூடக் கெடையாது. கண்ணாடி மேல கைய வெச்சா முடிஞ்சுது."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"வேண்டாம்னா விடேன்."

விட்டாள். கொஞ்ச நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். வண்டியைக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். நிலவறைக் கதவில் தன் பக்கமாக ஒரு கொக்கி போட்டாள். குழந்தைகளை அவனிடம் ஒரு நிமிடம்கூட விட்டதில்லை. பால் பொங்கினாலும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் அடுப்புக்குப் போனாள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை.

ஜனவரியில் கொரின் ஒரு கயிறு கொண்டுவந்தாள். குழந்தைகள் வெளியே போகும்போது பிடித்துக்கொள்ள வரிசையாகத் துணி வளையங்கள். லோர்னா எண்ணினாள். எட்டு. முதல் வளையம் அவளுக்கு, அடுத்த ஆறும் பிள்ளைகளுக்கு. கைக்குழந்தை இடுப்பில். ஒன்று மிச்சம்.

"எட்டு எதுக்கு?"

"அப்படித்தான் விக்குறாங்க."

லோர்னா கயிற்றையும் திருப்பிப் பார்த்தாள்.

மாதம் ஒரு தீ ஒத்திகை நடத்த வேண்டும். மணி அடித்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரத்துப் பெரிய மரத்தடிக்குப் போவார்கள். அங்கே எண்ணுவார்கள். உள்ளே யாரும் மிச்சம் இருக்கக் கூடாது. வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக் கூடாது. இந்த இரண்டையும் லோர்னா பாட்டாகவே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அந்த ஜனவரி ஒத்திகையில், பனியில் நின்றபடி, மெய்சி வீட்டைக் காட்டி அலறினாள். அவளுக்கு நாலு வயது.

"உள்ள ஒருத்தர் இருக்கார்!"

நிலவறையின் சின்ன ஜன்னலில் வேடின் முகம். மணிச் சத்தத்தில் விழித்திருக்கிறான். மெய்சி அழ, மற்றவர்களும் அழுதார்கள். என்ன சொல்லியும் அடங்கவில்லை. கடைசியில் நிலவறையிலிருந்து முற்றத்துக்குத் திறக்கும் சாய்வுக் கதவைத் தள்ளிக்கொண்டு வேட் வெளியே வந்தான். காலில் காலுறை மட்டும். பனியில் நடந்து வந்து கடைசி வளையத்தைப் பிடித்தான்.

"இப்ப எல்லாரும் வந்தாச்சு," என்றாள் மெய்சி.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவன் வந்தான். குழந்தைகள் காத்திருந்தார்கள். ஒத்திகை முடிந்ததும், லோர்னா பக்கத்திலேயே நிற்க, எல்லாருக்கும் அப்பம் சுட்டுக் கொடுத்தான்.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று லோர்னாவால் கேட்க முடியவில்லை. ரகசியம் வைத்துக்கொள்ளச் சொல்லும் பெரியவர்களை நம்பக் கூடாது என்று அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஏப்ரலில் இன்ஸ்பெக்டர் வந்தாள். சொல்லாமல் வருவதுதான் வழக்கம். பெயர் கிளென்னா. கையில் தண்ணீரின் சூடு பார்க்கும் கருவி. குழாய், குளிர்பெட்டி, மருந்து அலமாரியின் பூட்டு எல்லாம் பார்த்தாள். தொட்டிலில் கைக்குழந்தை மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"நான் மட்டும்."

"இந்தக் கதவு?"

"நிலவறைங்க. ஹீட்டரும் பழைய சாமானும் கெடக்கு. பசங்க போயிடக் கூடாதுன்னு கொக்கி."

கிளென்னா கொக்கியில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"மொதல்ல ஒத்திகை பார்த்துடலாம். பசங்க தூங்கிடுவாங்க, அப்புறம் எழுப்ப வேண்டாம்."

இவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று லோர்னா நினைத்தாள். யார் என்றும் நினைத்தாள்.

மணி அடித்தது. கயிறு நீண்டது. மரத்தடியில் கிளென்னா எண்ணினாள்.

"எல்லாரும் இருக்காங்க. ரொம்ப நல்லா செஞ்சீங்க பசங்களா."

"உள்ள போகலாம் வாங்க," என்றாள் லோர்னா.

யாரும் அசையவில்லை.

"லோர்னா மிஸ், வேட் இன்னும் வரல," என்றாள் மெய்சி.

"யாரு வேட்?" கிளென்னா கேட்டாள்.

"நாய்," என்றாள் லோர்னா. "எங்க நாய்."

கஸ் என்ற பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"வேட் நாயா? வேட் நாயாம்! அவருக்குத் தாடி இருக்கு!"

"நாய்க்கும் தாடி இருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

"நாய் அப்பம் சுட்டு நான் பார்த்ததில்ல," என்றான் கஸ்.

மெய்சி சிரிக்கவில்லை. வளையத்தை விட்டுவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். லோர்னா எட்டிப் பிடித்தாள்.

"திரும்ப உள்ள போகக் கூடாதுன்னு தெரியும்ல?"

"அவர் உள்ள இருக்கார்."

"நெசமாவே நெருப்பு இல்ல கண்ணு. இது ஒத்திகை."

"அப்ப நாங்க மட்டும் எதுக்கு வந்தோம்?"

மெய்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். லோர்னாவுக்கு அந்தப் பார்வை தெரிந்ததுதான். குளிர்காலம் முழுக்க லோர்னாவே மற்றவர்களைப் பார்த்தது அப்படித்தான்.

கைக்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேட்," என்று கூப்பிட்டாள். "வெளிய வாடா."

பிறகு சாய்வுக் கதவு திறந்தது. வேட் வந்து கடைசி வளையத்தைப் பிடித்தான். யாரையும் பார்க்கவில்லை.

"இப்ப எல்லாரும் வந்தாச்சு," என்றாள் மெய்சி.

கிளென்னா பேனாவை எடுத்தாள்.

"கைரேகை குடுத்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

வேட் தாடையால் தன் அம்மாவைக் காட்டினான்.

"இவங்களுக்குத் தெரிஞ்சுடும்னு."

கிளென்னா அவனை அப்போதே வெளியேறச் சொன்னாள். அவன் துணிகளைப் பையில் போடும்வரை படியில் நின்றாள். கிளம்பும்போது லோர்னாவிடம், "மறைச்சதுக்கும் பொய் சொன்னதுக்கும் தனித்தனியா எழுதுறேன். லைசன்ஸ் போகாதுன்னு என்னால சொல்ல முடியாது," என்றாள்.

"ஒத்திகை?"

"ஒத்திகையில ஒரு குறையும் இல்ல."

பெற்றோர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு லோர்னா கிடங்குக்குப் பின்னால் நடந்தாள். வேட் வண்டியில் உட்கார்ந்திருந்தான். அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"டக்கோட்டால குடிச்சுட்டு ஓட்டினேன். வண்டி கவுந்துடுச்சு."

"அதுக்கா?"

"கூட வேலை செஞ்சவனோட பையன் உள்ள இருந்தான். அஞ்சு வயசு."

லோர்னா முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"கை உடைஞ்சுது. சரியாயிடுச்சுன்னாங்க. நான் போய்ப் பார்க்கல."

"வழக்கு?"

"குழந்தைய ஆபத்துல விட்டதா எழுதியிருக்காங்க. அது இருந்தா எந்தக் காலத்துலயும் உன் வீட்டுல விட மாட்டாங்க."

"விடக் கூடாதுதான்," என்றாள் லோர்னா. சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

வேட் தலையசைத்தான்.

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதை அவள் நம்பவில்லை. ஆனால் அவள் கேட்கவும் இல்லை.

லைசன்ஸ் போகவில்லை. ஒரு வருடத்துக்குக் கண்காணிப்பு என்று அறிவிப்பு வந்தது. அதைப் பெற்றோர் பார்க்கும்படி வாசல் கதவில் ஒட்ட வேண்டும். கஸ்ஸுடைய அம்மா அதை நின்று இரண்டு முறை படித்துவிட்டுப் பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் அதன் பிறகு வரவில்லை. மெய்சியின் அம்மா படித்துவிட்டு, "மெய்சி சொல்ற அந்த வேடா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மெய்சியின் காலணியைக் கழற்றினாள். அன்று மாலை வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டாள்.

மறுவாரம் கொரின் வந்தாள். கையில் ஒரு பெட்டி. கதவில் இருந்ததைப் படித்தாள்.

"காபி இருக்கா?"

லோர்னா ஊற்றினாள்.

"நீங்கதானே சொன்னது?"

"இல்ல."

"பூட்ஸ் பார்த்தீங்க."

"பார்த்தேன். அதான் கைரேகைச் செலவ எங்க மையமே கட்டும்னு அடுத்த தடவை வந்தப்ப சொன்னேன். ஞாபகம் இருக்கா? யாருக்குன்னு நான் கேக்கல."

ஞாபகம் இருந்தது. தூண்டில் என்று அன்று நினைத்திருந்தாள்.

"அப்ப தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க."

கொரின் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆமா. சந்தேகம் இருந்தும் சும்மா இருந்தேன். அது தப்புதான்."

லோர்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவாவது உண்மையா என்று தெரியவில்லை. கொரின் போன பிறகு பெட்டியைத் திருப்பி அடியைப் பார்த்தாள். பிறகு திறந்தாள். உள்ளே புத்தகங்கள்.

மே மாதம் மணி அடித்தபோது மரத்தில் இலை வந்திருந்தது. கயிற்றின் கடைசி இரண்டு வளையங்கள் காலியாகத் தரையில் இழுபட்டன. லோர்னா எண்ணினாள். பிள்ளைகளும் எண்ணினார்கள்.

"வேட் எங்க?" என்றாள் மெய்சி.

"வெளியதான் இருக்கான்."

"எங்க வெளிய?"

"தூரமா. நெருப்பு வந்தாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

மெய்சி நம்பவில்லை. லோர்னா அவளை அவசரப்படுத்தவில்லை. எல்லாரையும் கயிற்றோடு கூட்டிக்கொண்டு நிலவறை ஜன்னல்வரை போனாள். மெய்சி குனிந்து, இரு கைகளையும் கண்ணாடியில் பதித்து, உள்ளே பார்த்தாள். விரிப்பில்லாத கட்டில். ஹீட்டர்.

நெடுநேரம் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலும் பார்க்கத் தலையைச் சாய்த்தாள்.

"யாரும் இல்ல," என்றாள்.

"யாரும் இல்ல," என்றாள் லோர்னா.

அவர்கள் உள்ளே போனார்கள். கண்ணாடியில் மெய்சியின் கைகள் பதிந்திருந்தன. லோர்னா அவற்றைத் துடைக்கவில்லை.